பிறர் செவிக்கு வாங்கும் கருவி

மனிதன் தனக்கென வாங்கும் பொருள்களைத் தானே சோதித்துப் பார்த்து வாங்குகிறான். செருப்பைக் காலில் இட்டுப் பார்க்கிறான். சட்டையைத் தோளில் வைத்துப் பார்க்கிறான். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கிறான். ஆனால், வாங்குபவன் தனியாக நின்று சோதித்தறிய இயலாத சிறு கருவி ஒன்று உண்டு. அதன் பயனில் ஒரு பாதி வாங்கியவனுக்கு. மறு பாதி எங்கோ தொலைவில் இருக்கும் மற்றொருவருக்கு. கைப்பேசியில் செருகிக் காதில் மாட்டிக்கொள்ளும் கம்பி வைத்த ஹெட்செட்டே அக்கருவி. ஒரு நாழிகைப் பேச்சுக்கு உதவும் எளிய பொருள்தானே என்று எண்ணலாம். எனினும், ஒரு குழந்தையின் கல்வியே அதனால் தடுமாறவும் நேராகவும் கூடும் என்பதை அண்மைக் காலம் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறது.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் பெம்பான். ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் இன்று செம்பனை ஓங்கி வளர்ந்து நிற்கிறது. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, சிறு வீடுகளில் குடியமர்ந்து வாழ்கின்றன. வீடு சிறிது; ஆள் அதிகம்; கூரையோ தகரம். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அத்தகைய வீடுகளுக்குள் ஒரு நாள் வகுப்பறையும் வந்து புகுந்தது.

2020 மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. 2021 ஜனவரி 13ஆம் நாள் மலாக்கா உள்ளிட்ட சில மாநிலங்களில் அவ்வாணை மீண்டும் கடுமையாக்கப்பட்டது. கரும்பலகையின் முன் நின்று பழகிய ஆசிரியர்கள் கைப்பேசியின் முன் அமர்ந்தார்கள். இல்லிருப்புக் கற்றல் என்னும் புதுச் சொல் தாய்மார்களின் வாயிலும் புழங்கத் தொடங்கியது.

பெம்பான் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அக்காலத்தில் இரண்டாம் ஆண்டு மாணாக்கருக்கு வாசிப்புப் பாடம் நடத்தி வந்தார். அவருடைய மாணவர்களுள் ஒரு சிறுவன். தந்தை செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டுக் காலையில் வீடு திரும்புபவர். வீட்டில் இருந்த கைப்பேசிகள் இரண்டு; கூடமோ ஒன்று. அதன் ஒரு மூலையில் இவன் வாசிப்பான். மறுமூலையில் இவன் அக்காள் கணிதம் படிப்பாள்.

“பள்ளி” என்று ஆசிரியை சொல்லச் சொன்னார். சிறுவன் சொன்னான். அவர் காதில் “பல்லி” என்று விழுந்தது. “மழை” என்று சொல்லச் சொன்னார். “மலை” என்று விழுந்தது. மீண்டும் மீண்டும் சொல்லவைத்தார், மாற்றம் இல்லை. தமிழாசிரியருக்கு இது புதிய நோயன்று. லகர, ளகர, ழகர மயக்கம் ஆண்டுதோறும் கண்டு திருத்துவதே. ஆயினும் நேரில் இருந்தால் குழந்தையின் வாயைப் பார்க்கலாம். நா எங்கே தொடுகிறது என்று காட்டலாம். இங்கோ திரையில் பாதி முகம், பின்னணியில் பெருக்கல் வாய்பாடு, மேலே மழை. தவறுவது குழந்தையின் நாவா, அல்லது கைப்பேசியின் காதா? அந்த வினாவுக்கு அவரால் விடை காண முடியவில்லை. விடை காணாமலே மதிப்பெண் இட்டால், சரியாக வாசிக்கும் குழந்தை குறைநீக்கல் வகுப்புக்குப் போகக்கூடும். உண்மையில் தடுமாறும் குழந்தை கவனிப்பாரின்றித் தேங்கிவிடவும் கூடும். இரண்டும் அநீதியே அன்றோ?

ஆசிரியை தாயிடம் சொன்னார்: “அம்மா, பையனுக்கு ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுங்க. சத்தத்துக்கு நடுவுல அவன் குரல் எனக்குச் சரியா வரல.”

தாய் மறுநாளே மலிவான ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். சிறுவனுக்குப் பெருமகிழ்ச்சி. ஆசிரியையின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. ஆனால், ஆசிரியையின் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. அதே பெருக்கல் வாய்பாடு, அதே மழை, அதே “பல்லி”.

காரணம் அந்தக் கருவியின் முனையிலேயே இருந்தது. கம்பியின் நுனியில் உள்ள மூன்றரை மில்லிமீட்டர் செருகியை உற்று நோக்கினால் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையங்கள் இருந்தால் உலோகப் பகுதிகள் மூன்று: இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. அது கேட்பதற்கு மட்டும் உரியது. அதில் ஒலிவாங்கி கிடையாது. மூன்று வளையங்கள் இருந்தால் உலோகப் பகுதிகள் நான்கு. நான்காவது ஒலிவாங்கிக்கு உரியது. தாய் வாங்கி வந்தது இரண்டு வளையக் கருவி. ஆகவே, சிறுவனின் குரலை வாங்கியது மேசைமேல் கிடந்த கைப்பேசியின் ஒலிவாங்கியே. அது அருகில் இருக்கும் குரலையும் வாங்கும். தகரத்தில் விழும் மழையையும் வாங்கும். வாங்கியவர் காதுக்கு நிறைவு. வாங்கச் சொன்னவர் காதுக்கு ஏமாற்றம். இக்கருவியைத் தேர்வதில் பெரும்பாலோர் இடறும் இடம் இதுவே.

அடுத்த முறை தாய் ஜாசின் நகரத்துக் கடை ஒன்றுக்குச் சிறுவனையும் அழைத்துச் சென்றார். கடைக்காரச் சீன இளைஞர் நான்கைந்து வகைகளை எடுத்துப் பரப்பினார். எதைத் தேர்வது? தாய் ஆசிரியையை அழைத்தார். “டீச்சர், கடையில இருக்கோம். பையன் பேசுறான். எது நல்லா கேட்குதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். எத்துணை எளிய வழி! கேட்க வேண்டியவரையே கேட்டுத் தேர்வு செய்யும் வழி அது. படிப்பு மிகுந்தோர் பலருக்கும் தோன்றாத அந்த வழி, பன்னிரண்டு மணி நேர வேலையில் களைத்த ஒரு தாய்க்குத் தோன்றியது.

சிறுவன் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு அதே சொற்களைச் சொன்னான். ஒன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. நான்கு பகுதிச் செருகிகளிலும் இரு வகை உண்டு. ஒலிவாங்கிக்குரிய பகுதியும் பொதுப் பகுதியும் அவற்றுள் இடம் மாறி அமைந்திருக்கும். இன்றைய கைப்பேசிகளுள் பெரும்பாலானவை ஒரு வகையையே ஏற்கும். பழைய வகை பொருந்தாமல் குரல் கெடும். மற்றொன்றில் ஒலிவாங்கி சட்டையில் உரசி இரைந்தது. மூன்றாவதில் ஒலிவாங்கி கம்பியின் மேற்புறத்தில், கன்னத்தை ஒட்டி அமைந்திருந்தது. “இதுதான் அம்மா! இப்பத்தான் தம்பி குரல் தெரியுது” என்றார் ஆசிரியை.

அந்த மூன்றாவதன் வழியேதான் உண்மையும் வெளிப்பட்டது. சிறுவன் “மழை” என்றபோது ழகரம் பழுதின்றி வந்தது. இத்தனை நாள் அவன் அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறான். மேசைமேல் கிடந்த கைப்பேசிதான் அதைக் கெடுத்துத் தந்திருக்கிறது. ஆனால் “பள்ளி” மட்டும் இன்னும் “பல்லி”யாகவே வந்தது. அது கருவியின் குறையன்று, நாவின் குறை. இரண்டு குறைகளும் பிரிந்து தனித்தனியே தெரிந்தபின், ஆசிரியைக்குப் பணி எளிதாயிற்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் நாவின் விளிம்பு தடித்து அண்ணத்தை ஒற்றும்போது லகரமும் வருடும்போது ளகரமும் பிறக்கும் என்று நுட்பமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒற்றுவதற்கும் வருடுவதற்கும் இடையிலுள்ள அந்த நூலிழை வேறுபாட்டைக் கம்பியின் மறுமுனையில் இருக்கும் ஒருவர் உணர வேண்டுமாயின், கம்பி நன்றாக இருக்கவேண்டும் அன்றோ? சில கிழமைகளில் சிறுவன் பள்ளியைப் பள்ளி என்றே சொல்லக் கற்றுக்கொண்டான்.

இக்கருவியின் வரலாறும் இதே பாடத்தையே சொல்கிறது. தொலைபேசி நிலையங்களில் அழைப்புகளை இணைத்துக் கொடுத்த பணியாளர்கள் கம்பிகளைச் செருகி எடுக்க இரு கைகளும் வேண்டியிருந்தமையால், கேட்கும் கருவியையும் பேசும் கருவியையும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டார்கள். இன்று நாம் பயன்படுத்தும் செருகி, 19ஆம் நூற்றாண்டில் அந்நிலையங்களில் பிறந்த செருகியின் வழித்தோன்றலே. 1910ஆம் ஆண்டில் நதானியேல் பால்டுவின் என்னும் அமெரிக்கர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த தலையணிக் கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கிப் பயன்படுத்தியது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தபின் அது பாட்டுக் கேட்கும் கருவியாகிவிட்டது. பேசுவதற்காகப் பிறந்த பொருளைக் கேட்பதற்கு மட்டும் உரியதென மக்கள் எண்ணத் தொடங்கினார்கள். கடையில் பாட்டைப் போட்டுப் பார்த்து ஹெட்செட் வாங்கும் வழக்கம் அந்த எண்ணத்தின் எச்சமே.

காலம் செருகியையும் மாற்றிவருகிறது. 2016இல் வெளிவந்த ஐபோன் 7 வட்டத் துளையைக் கைவிட்டது. மற்ற நிறுவனங்கள் பலவும் பின்பற்றின. இன்று பல கைப்பேசிகளில் மின்னேற்றும் யூ.எஸ்.பி. சி துளையிலேயே ஹெட்செட்டையும் செருகவேண்டும். அவற்றுள்ளும் இரு வகை உண்டு. இலக்கச் செய்தியை ஒலியாக மாற்றும் சில்லைத் தன்னுள் கொண்ட கருவி பெரும்பாலான கைப்பேசிகளில் இயங்கும். அச்சில்லு இல்லாத கருவி சிலவற்றில் மட்டுமே இயங்கும். எனவே, கைப்பேசியைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்தே வாங்குதல் நலம். ஒரே துளை என்பதால் பேசிக்கொண்டே மின்னேற்ற இயலாது என்பதையும் நீண்ட வகுப்பு நடத்துவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

கம்பியில்லாக் கருவிகள் மலிந்துவிட்ட நாளில் கம்பி எதற்கு என்பார் உளர். கம்பிக்கு மின்கலம் வேண்டா. பாடத்தின் நடுவில் உயிர் போகாது. குரல் பின்தங்கி வராது. சிறு குழந்தை தொலைத்துவிடும் அச்சமும் குறைவு. வானொலி வசதியுள்ள கைப்பேசிகள் பலவற்றில் அக்கம்பியே வானொலிக்கு அலைவாங்கியாகவும் பணிபுரியும். அது செருகப்பட்டிருந்தால்தான் மின்னல் பண்பலை அதில் ஒலிக்கும். குறையும் இல்லாமல் இல்லை. கம்பி முதலில் அறுவது செருகியின் கழுத்தில்தான். அங்கே நெகிழும் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும், இழுக்கும்போது கம்பியைப் பிடிக்காமல் செருகியைப் பிடித்து இழுப்பதும் அதன் ஆயுளைக் கூட்டும்.

காதைக் காப்பதும் தேர்வில் அடங்கும். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 80 டெசிபலுக்கு மிகாதிருக்க வேண்டும் என்றும், குழந்தைகளுக்கு அது 75 டெசிபலே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி மூன்று டெசிபல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். வெளியோசையை அடக்கும் இரப்பர் முனையுள்ள கருவி, காதின் அளவுக்குப் பொருந்தினால், ஒலியைக் கூட்டவேண்டிய தேவையைக் குறைக்கும். ஆனால் சாலையில் அதே நன்மை தீமையாகும். மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர் தலைக்கவசத்திற்குள் இரு காதையும் அடைத்துக்கொண்டால், பின்னால் வரும் செம்பனை லாரியின் ஒலியை எப்படிக் கேட்பார்? வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவது இந்நாட்டில் குற்றம். ஹெட்செட் கைக்கு விடுதலை தரும். கவனத்திற்கு விடுதலை தராது. நிறுத்திவிட்டுப் பேசுவதே நன்று.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். தமிழில் கேள்வி என்னும் ஒரே சொல் செவியால் கேட்பதையும் குறிக்கும். வாயால் வினவுவதையும் குறிக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நம் முன்னோர் சொல்லிலேயே பொதிந்து வைத்தனர் போலும். நாம் கேட்பது தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. நாம் சொல்வது பிறர்க்குத் தெளிவாகச் சென்று சேர்கிறதா என்றும் வினவ வேண்டும். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனோடு பேசும் பெம்பான் தாய்க்கும் அது பொதுவிதி.

எனவே ஹெட்செட் வாங்கப் போகிறவர், துளைக்கேற்ற செருகியையும், வாய்க்கருகில் அமைந்த ஒலிவாங்கியையும், காதுக்குப் பொருந்தும் முனையையும் பார்க்கட்டும். அதன்பின் பாட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன்னர், தாம் நாளும் பேசவேண்டிய ஒருவரை அழைத்து, “நான் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கிறதா?” என்று வினவட்டும். விடை அவரிடம்தான் இருக்கிறது.