பார்டர் கடை இங்கே... பார்டர் எங்கே?

குற்றாலம் சீஸனுக்கு கேங்கா கிளம்பிப் போய், ஐந்தருவியில தலையைக் கொடுத்துட்டு, ஈரத் துண்டோட ‘பார்டர் கடை’யைத் தேடி ஓடின ஆளா நீங்க? அப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. குட்டி குட்டி பரோட்டா, இலையில ஓடுற சால்னா, பிச்சுப் போட்ட கோழி, காடை ரோஸ்ட்... எல்லாம் ஓ.கே. அந்த இடத்துக்கு ஏன் ‘பார்டர்’னு பேரு?

“கேரளா பார்டர் பக்கத்துல இருக்குல்ல... அதான்!”

அப்படித்தான் பாதிப் பேர் நினைச்சுட்டு, ஏப்பம் விட்டுட்டு ஊர் திரும்பறாங்க. அடுத்த வாட்டி பரோட்டா வர்ற கேப்ல செல்போன் மேப்பைத் திறந்து ‘பிரானூர் பார்டர்’னு தட்டிப் பாருங்க. எல்லைக் கோடு அங்க இருக்காது. செங்கோட்டை ஊரையே தாண்டணும், புளியரையைத் தாண்டணும், மலை மேல வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். அப்புறம்தான் கேரளா! பார்டர்ல இல்லாத பார்டர் கடைக்கு அந்தப் பேரை வெச்சது யாரு?

யாரும் வெக்கலை. ஒரு காலத்துல அங்கதான் நிஜமாவே பார்டர் இருந்தது. கோடுதான் எழுந்து மேற்கே போயிடுச்சு. பேரு பரோட்டாக் கல் பக்கத்துலயே உட்கார்ந்துடுச்சு.

1956 நவம்பர் 1-ம் தேதி. மொழிவாரியா மாநிலங்களைப் பிரிச்ச நாள். அதுவரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த செங்கோட்டைப் பகுதி அன்னிக்குத்தான் சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடுன்னு கன்னியாகுமரி பக்கத்துத் தாலுகாக்கள் நாலும் அதே நாள்லதான் வந்தது. சும்மா கையெழுத்துப் போட்டு வந்துடலை. 1954-ல தென் திருவிதாங்கூர்ல நடந்த போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல உயிர்கள் போச்சு. நாம சால்னா ஊத்திக்கிற இடத்தோட பேருக்குப் பின்னால இவ்வளவு இருக்கு பாஸ்!

இது தெரிஞ்சதுக்கப்புறம் பழைய பாடங்கள் எல்லாம் வேற மாதிரி தெரியும். உதாரணத்துக்கு வாஞ்சிநாதன். செங்கோட்டைக்காரர், 1911-ல மணியாச்சியில ஆஷ் துரையைச் சுட்டவர்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அவர் வேலை பார்த்தது புனலூர் காட்டு இலாகாவுலன்னும் எங்கேயோ படிச்சிருப்பீங்க. தமிழ்நாட்டுக்காரருக்குக் கேரளாவுல எப்படி வேலைன்னு தோணுச்சா? அப்ப தமிழ்நாடும் இல்லை, கேரளாவும் இல்லை. செங்கோட்டை, புனலூர் ரெண்டுமே திருவிதாங்கூர். சொந்த சமஸ்தானத்துக்குள்ளயே வேலைக்குப் போயிருக்கார், அவ்வளவுதான்!

இந்த விளையாட்டை ஹாஸ்டல் ரூம்ல இருந்தே ஆரம்பிக்கலாம். நெட்ல திருவிதாங்கூரோட பழைய மேப் ஒண்ணைத் தேடி எடுங்க. பக்கத்து விண்டோவுல இப்போதைய சாட்டிலைட் மேப்பைத் திறங்க. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க. நைட் ஒரு மணி ஆகிடும், தூக்கம் வராது, கேரண்ட்டி. செமஸ்டர் நேரத்துல மட்டும் வேணாம்.

குமரி, செங்கோட்டைப் பக்கத்துப் பசங்களா நீங்க? உங்களுக்கு இன்னொரு சான்ஸ் இருக்கு. லீவுக்கு வீட்டுக்குப் போறப்ப, பரண்ல இருக்கிற தகரப் பெட்டியை இறக்கச் சொல்லுங்க. பாட்டன் காலத்துப் பத்திரம் இருந்தா, சங்கு முத்திரை தெரியுதான்னு பாருங்க. அது திருவிதாங்கூர் முத்திரை. தொகையை எப்படி எழுதியிருக்காங்கன்னும் பாருங்க. அங்க நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். அரைச் சக்கரத்துக்குக் கணக்குப் பார்த்த எல்லைக் கடைக்காரரை நினைச்சுப் பாருங்க, பாவம்! நாகர்கோவில் பக்கம் பெரியவங்க காசைச் ‘சக்கரம்’னு சொல்றது எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? பத்திரத்துல எழுத்து புரியலைன்னா பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைங்க. 1956-ல பத்து வயசு இருந்தவங்களுக்கு இப்ப எண்பது ஆகப்போகுது. ‘அடுத்த லீவுல கேட்டுக்கலாம்’னு தள்ளிப் போடாதீங்க, ப்ளீஸ்.

சரி, நேர்ல போறதுன்னா? கார் வேணாம். தென்காசியில இருந்து டவுன் பஸ் போதும். ஜன்னல் ஓரம் பிடிச்சுக்கங்க. பிரானூர் நெருங்கும்போது மர மில்லு வாசனை வரும். அறுத்துப் போட்ட பலகையும், எட்டிப் பிடிக்க முடியாத தடிமரமும் ரோட்டோரம் கிடக்கும். செங்கோட்டைக்குள்ள நுழையற இடத்துல சமஸ்தானக் காலத்துல ஒரு வளைவு எழுப்பி, அதுலயும் சங்கு முத்திரை வெச்சாங்க. ராஜா எல்லை ஆரம்பிச்சிடுச்சுன்னு வர்றவனுக்குச் சொல்ல அது போதாதா?

செங்கோட்டையில ரயில் மாறுங்க. மலையைத் தாண்டற இந்த லைன் 1904-ல வந்தது. மீட்டர் கேஜ்ல ஓடிக்கிட்டிருந்ததை 2010-ல நிறுத்தினாங்க. எட்டு வருஷம் வனவாசம். 2018-ல அகலப் பாதையா திரும்பி வந்துச்சு. ஏற்றம் ஜாஸ்திங்கிறதால பின்னாடியும் ஒரு இன்ஜின் பிடிச்சுத் தள்ளற ரூட் இது. ஸ்பீடு? கேட்காதீங்க. சைடுல இருக்கிற செடியோட பேரைக் கேட்டுட்டுப் போகலாம், அவ்வளவு ஸ்பீடு. ஏ.சி. கோச்சுல ஏறிக் கண்ணாடியை மூடிட்டு உட்காராதீங்க. காசும் போகும், மழை வாசனையும் போகும்.

ஆரியங்காவுல நிற்கிற ரயிலாப் பார்த்து ஏறுங்க. அடுத்ததா வர்ற பதிமூணு கண் பாலத்தை ரயில்ல போனா பார்க்க முடியாது. அதான் மேலயே போயிடுவோமே! ஆரியங்காவுல இறங்கி, தென்மலைப் பக்கம் போற பஸ் பிடிச்சா, கழுதுருட்டி கிட்ட ரோட்டுல நின்னு கல் வளைவுகளை அண்ணாந்து பார்க்கலாம். மேல ரயில் வர்ற நேரத்தை விசாரிச்சு வெச்சுக்கிட்டா ஜாக்பாட்.

டிசம்பர்ல போறீங்களா? அச்சன்கோவில் சாஸ்தாவோட ஆபரணப் பெட்டி புனலூர்ல இருந்து கிளம்பி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியா ஊர் ஊரா வரவேற்பு வாங்கிட்டு மறுபடி மலை ஏறும். கேரளாக் கோயில் நகை, தமிழ்நாட்டுத் தெரு வழியா! 1956-ல அதிகாரிங்க போட்ட கோட்டை சாஸ்தா கண்டுக்கவே இல்லை. ஆரியங்காவுலயோ அதே சீஸன்ல சாமி கல்யாணம். பொண்ணு வீட்டுச் சம்பந்தி யாரு தெரியுமா? மதுரை சௌராஷ்டிரா மக்கள். இன்னிக்கும் சீர் வரிசையோட வர்றாங்க.

கடைசியா ஒண்ணு. பகவதிபுரம் தாண்டினதும் நீளமா ஒரு குகை வரும். பசங்க ஓன்னு கத்துவாங்க, நீங்களும் கத்திக்கங்க, தப்பில்லை. உள்ள போறப்ப தமிழ்நாடு, வெளிய வர்றப்ப கேரளா. இருட்டுல எந்த இடத்துல மாறுச்சுன்னு கண்டுபிடிக்கறவங்களுக்கு ஆரியங்காவு டீக்கடையில ஒரு கட்டன் சாயா, மத்தவங்க செலவுல!