போகும்போது சேர்ந்து, வரும்போது தனியாக

வெரிபீயிலிருந்து சென்னைக்குப் போவதென்றால் முதலில் ரயிலில் சதர்ன் கிராஸ், அங்கிருந்து ஸ்கைபஸ்ஸில் டல்லமரீன் விமான நிலையம். மெல்போர்னிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கொழும்பிலோ இறங்கி மாற வேண்டும். கைக்குழந்தையோடு தனியாகப் போகிறவர்களின் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் டிசம்பர் நெருங்கினால் வாட்டன் தெருக் கடைகளில் ஒரே பேச்சு: “என்னைக்குக் கிளம்புறீங்க? சேர்ந்து போலாமா?” போகும் தேதி எப்படியாவது ஒத்துவரும். திரும்பும் தேதிதான் ஒத்துவராது. இங்கே முழுநேர வேலைக்கு வருஷத்தில் 4 வாரம்தான் விடுப்பு. யாருக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அவ்வளவுதான்.

என் தோழிக்கும் எனக்கும் இதே கதை. அவள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஜனவரி கடைசிவரை கூட இருக்க வேண்டும். நான் புத்தாண்டோடு திரும்ப வேண்டும். “ரெண்டு பேருக்கும் ஒரே புக்கிங்கா போட்டுடேன்டி” என்றாள்.

ஒரே பி.என்.ஆரில் இருப்பவர்களுக்குப் போக, வர ஒரே விமானங்கள்தான். ஆகவே ஆளுக்கொரு ரிட்டர்ன் டிக்கெட். போகும் விமானம் மட்டும் ஒன்று. ஒன்வே ஒன்வேயாக உடைத்து வாங்கினால் பெரிய விமான நிறுவனங்களில் பல நேரம் ரிட்டர்னைவிட அதிகம் ஆகும். மலிவான டிக்கெட் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால், இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் போட்டோம்.

உடனே விமான நிறுவனத்துக்கு போன் செய்து, சேர்ந்து போகிறவர்கள் என்று இரண்டு புக்கிங்கிலும் குறிப்பு எழுதச் சொன்னோம். பக்கத்துப் பக்கத்து சீட்டும் எடுத்தோம். வழியில் இணைப்பு விமானம் தவறினால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு பி.என்.ஆரையும் தனியாகத்தான் பார்க்கும். என்னை ராத்திரியும், அவளையும் குழந்தையையும் மறுநாளும் அனுப்பிவிடலாம். குறிப்பு இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. அப்படி ஆனால் கவுன்டருக்குச் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

குழந்தை விஷயம் இன்னொன்று. இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக்கொள்ளலாம். பயணத்தின் நடுவே இரண்டு முடிந்தால், திரும்பும்போது தனி சீட் வாங்க வேண்டும். அவள் பையனுக்கு ஜனவரி நடுவில் பிறந்தநாள். என்னோடு திரும்பினால் அந்தச் செலவு இல்லை. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா நடக்க ஆரம்பிக்காம எப்படிடி வர்றது?” என்று சொல்லி, சீட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டினாள்.

இப்போது அவள் திரும்பும் வழிக்குத் துணை தேடுகிறோம். ஜனவரி கடைசியில் இங்கே பள்ளி திறக்கிறது. அந்த விமானத்தில் நம்ம ஊர்க் குடும்பம் ஒன்றாவது இருக்காமலா போகும்?