கயிறு இழுத்தே கை போச்சா?

ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ரொம்ப அப்பிராணி. வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, சென்சார் மண்ணாங்கட்டி எதுவும் கிடையாது. பெட்ரோலும் காத்தும் சரியா கலந்து உள்ள வரணும். அதை அமுக்க கம்ப்ரஷன் இருக்கணும். சரியான நேரத்துல ஒரு பொறி விழணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வாயைத் திறக்காது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட சாதுவைத்தான் டவுன்ல ஒரு கடையில ரெண்டு தடவை கயிறை இழுத்துப் பார்த்துட்டு, "பிஸ்டன் செட்டே போச்சு, 4,500 ரூபா ஆகும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. வண்டி பொள்ளாச்சி பக்கம் எங்க சித்தப்பா தோப்புக்குப் புல் வெட்ட வர்ற அண்ணனோடது. பிரஷ் கட்டரைச் சொந்தமா, கடனுக்கு வாங்கி, தோப்பு தோப்பா போய் வெட்டுற மனுஷன். ஐப்பசி மழை பெய்து புல்லு இடுப்பளவு நிக்குது, மொத்த ஊரும் கூப்பிடுது, மிஷின் படுத்துடுச்சு. நாலு நாள் கூலி போயாச்சு. "ஏனுங் தம்பி, நீங்க இஞ்சினியருங்களாமா, கொஞ்சம் பாருங்களேன். இல்லீன்னா மோதரத்தை வெச்சுப்போட்டு மாத்தீறலாம்னு இருக்கறனுங்க"ன்னார்.

நானோ பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். படிச்ச இஞ்சினியரிங்குக்கும் ஸ்பேனருக்கும் ஸ்நானப்ராப்தி கூட இல்லை. ஆனா ஆபீஸ்ல ஆணி புடுங்கறதுல ஒரு பழக்கம் ஒட்டிக்கும் பாருங்க: லாகைப் பார்க்காம யார் என்ன சொன்னாலும் நம்பறதில்லை. இந்த எஞ்சினுக்கு லாக் ஃபைல் எதுன்னா, ஸ்பார்க் ப்ளக்.

சோக் போட்டு, பல்பை ஏழெட்டு தடவை அமுக்கி, பத்து இழுப்பு இழுத்துட்டு ப்ளக்கைக் கழட்டினோம். பெட்ரோல்ல நனைஞ்சு சொட்டினா எஞ்சின் 'ஃப்ளட்' ஆகியிருக்குன்னு அர்த்தம். அப்ப ப்ளக்கைக் கழட்டி வெச்சுட்டு, சோக்கை எடுத்துட்டு, பத்து பதினஞ்சு இழுப்பு இழுத்து உள்ள தேங்கினதை வெளியேத்தி, ப்ளக்கைத் துடைச்சு மாட்டினா போதும். (ஸ்கூட்டரை ஒரு பக்கமா சாய்ச்சு நிமிர்த்தி உதைச்ச நம்ம அப்பாக்கள் தலைமுறைக்கு எஞ்சின் ஃப்ளட் ஆகறதெல்லாம் புதுசே இல்லை.) எங்க ப்ளக் பாலைவனம். ஒரு துளி ஈரம் இல்லை.

அடுத்தது பொறி. ப்ளக்கைக் கேப்ல மாட்டி, அதோட உலோக உடம்பை சிலிண்டர்ல ஒட்டிப் பிடிச்சு இழுத்தா நீலமா பொறி வரணும். ப்ளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வெச்சுப் பண்ணுங்க, அதுவழியா பெட்ரோல் ஆவி வரும், குப்புனு பிடிச்சா புருவம் போயிடும். எங்களுக்குப் பளிச்னு வந்தது. வராதவங்க உடனே காயில் வாங்க ஓடாதீங்க. ஸ்டாப் சுவிட்ச்சோட வேலையே பொறியை எர்த் பண்ணிக் கொல்றதுதான். கைப்பிடியிலேர்ந்து வர்ற அந்த ஒயர் எங்கயாவது தோல் உரிஞ்சு குழாயில உரசினா, சுவிட்ச் 'ஆன்'ல இருந்தாலும் எஞ்சினுக்கு அது 'ஆஃப்' தான். அந்த ஒயரை மட்டும் கழட்டிட்டு இழுத்துப் பாருங்க. பொறி வந்துச்சுன்னா காயில் காசு மிச்சம்.

இப்ப கடைக்காரர் சொன்ன பிஸ்டன். இதைத் தெரிஞ்சுக்க எஞ்சினைப் பிரிக்கவே வேணாம். சைலன்சரை ரெண்டு போல்ட்டுல கழட்டினா எக்ஸாஸ்ட் வாய் வழியா பிஸ்டனோட பக்கவாட்டு நல்லாவே தெரியும். கயிறை மெதுவா இழுத்து, செல்ஃபோன் டார்ச் அடிச்சுப் பார்த்தோம். ஆயில் இல்லாம ஓடிச் சூடேறிப் போன பிஸ்டன்னா நெடுக்குவாட்டுல கோடு கோடா உரிஞ்சிருக்கும். இது வழவழன்னு இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. பீடியைப் பத்த வைக்கப் போனவரை நான்தான் பெட்ரோல் கேன் பக்கத்துலேர்ந்து தள்ளி அனுப்பினேன்.

சந்தேகத்தை முடிக்க ஒரு வேலை. ப்ளக் ஓட்டையில ஆயில் கலந்த பெட்ரோல் நாலு சொட்டு விட்டு, ப்ளக்கை மாட்டி இழுத்தோம். டர்ர்ர்ர்னு ரெண்டு செகண்ட் கத்திட்டு நின்னுது. அந்த ரெண்டு செகண்டுல பொறியும் கம்ப்ரஷனும் குற்றவாளிக் கூண்டை விட்டு வெளிய வந்தாச்சு. மிச்சம் பெட்ரோல் வர்ற வழி மட்டும்தான்.

டேங்க்குக்குள்ள குழாய் நுனியில ஒரு குட்டி ஃபில்டர் தொங்கும். கம்பியைக் கொக்கி மாதிரி வளைச்சு வெளிய இழுத்தோம், பரவாயில்லாம இருந்தது. டேங்க் மூச்சு விடற ஓட்டை அடைச்சுக்கிட்டாலும் பெட்ரோல் வராது. மூடியைத் தளர்த்திப் பார்த்தோம், மாற்றமில்லை. கார்புரேட்டரைத் திறந்ததும் ஆள் மாட்டினார்.

இந்த மிஷினை எப்படித் திருப்பிப் பிடிச்சாலும் ஓடணும்ங்கறதால, பைக்ல இருக்கற மாதிரி மிதவை கிடையாது. மெல்லிசு டயாஃப்ரம் ரெண்டு. ஒண்ணு கிராங்க்கேஸ் காத்தழுத்தத்தோட துடிப்புல பெட்ரோலை இழுக்கும், இன்னொண்ணு அளந்து விடும். தொட்டா துணி மாதிரி துவளணும். எங்களுது ரெண்டும் பொரிச்ச அப்பளம்.

காரணத்துக்கும் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பங்குனியில நிறுத்தின மிஷின், டேங்க்ல பெட்ரோலோடயே ஐப்பசி வரைக்கும் கிடந்திருக்கு. 2023ல விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அதுக்காகச் செய்யப்படாத ரப்பரை எத்தனால் கெடுக்கும். தண்ணியையும் இழுக்கும். தண்ணி அதிகமானா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து அடியில தங்கிடும், ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். ஃபில்டர் உறிஞ்சறது அடியிலேர்ந்து. அதாவது ஆயில் இல்லாத சரக்கு! கடைக்காரர் சொன்ன மாதிரி பிஸ்டன் நிஜமாவே போறது இப்படித்தான். வேலை இல்லாத மாசங்கள்ல டேங்க்கைக் காலி பண்ணிட்டு, மிச்சம் மீதி தீர்ந்து தானா அணையற வரைக்கும் ஓட்டி வைக்கணும்.

டயாஃப்ரம் கிட் 150 ரூபாய். அதே டவுன், வேற கடை. மாட்டி, லிட்டருக்கு 40 மில்லி ஆயில்னு புதுசா கலந்து ஊத்தினோம். இவர் மிஷினுக்கு 25:1. சில மிஷினுக்கு 50:1, அதாவது 20 மில்லிதான், மூடி மேலயே போட்டிருக்கும். பிளேடு தரையில படாம வெச்சு, நாலாவது இழுப்புல கத்துச்சு பாருங்க, தோப்புல இருந்த கொக்கெல்லாம் கிளம்பிடுச்சு. "அட சாமி"ன்னார் அண்ணன். அன்னைக்கே அரை ஏக்கர் முடிச்சார்.

ஐடிலிங்ல மட்டும் இன்னும் லேசா திக்குது. எல் ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்பிப் பார்க்கணும். "வெட்டி முடிச்சுப்போட்டு பாத்துக்கலாங் தம்பி, இப்ப அதைத் தொட வேண்டாம்"னு சொல்லிட்டார்.