காய்ந்த பொடியிலும் கிருமி கிடக்கும்

மூலனூர்ப் பக்கம் ஒரு முருங்கை விவசாயி. காய் விலை சரிந்த வருடம் இலைப்பொடி தயாரிப்புக்கு மாறினார். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஷிஃப்டு போகும் மகனைத் தோட்டத்துக்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற ஆசைதான் காரணம். ஏற்றுமதியாளர் சொன்னபடி பொடியின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் முடிவு வந்தது: '25 கிராமில் சால்மோனெல்லா உள்ளது.' ஏற்றுமதியாளர் சரக்கை எடுக்கவில்லை.

ஆய்வகத்துக்கே போய்விட்டார். "ஏனுங்க, சருகாட்டம் காஞ்ச பொடியில கிருமி எப்படிங்க பொழைக்கும்? அஞ்சு நாள் வெச்சிருந்து நீங்களே வளத்துப்போட்டீங்களா?"

வளர்ப்பதுதான் பரிசோதனையே. உலர்ந்த பொடியில் சால்மோனெல்லா பெருகாது. ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். 25 கிராமில் ஒன்றிரண்டு, அதுவும் நலிந்து கிடந்தால் நேரடியாகத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் 25 கிராம் பொடியை 225 மில்லி பெப்டோன் கரைசலில் கலந்து, 37 டிகிரி சூட்டில் சுமார் 18 மணி நேரம் வைக்கிறார்கள். நலிந்த கிருமி தேறிப் பெருகும். அடுத்து, மற்ற கிருமிகளை அடக்கும் கரைசலில் 41.5 டிகிரியில் ஒரு நாள். இது களையெடுப்பு மாதிரி. பிறகு சிவப்பு ஊடகத் தட்டில் தடவினால், சால்மோனெல்லா பெரும்பாலும் நடுவில் கருத்த புள்ளிகளாகத் தெரியும். அதையும் உறுதி செய்த பிறகே முடிவு தருவார்கள். இல்லாத கிருமியை இந்தக் கரைசல்கள் உண்டாக்குவதில்லை.

இது வெறும் கெடுபிடி அல்ல. அமெரிக்காவில் பரவிய சால்மோனெல்லா நோய், இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப்பொடியோடு தொடர்புடையது என்று அந்நாட்டு அதிகாரிகள் 2025 அக்டோபரில் அறிவித்தார்கள்.

வீடு திரும்பியவர் தன் களத்தைப் பார்த்தார். திறந்த தொட்டித் தண்ணீரில் அலசிய இலை, இரவெல்லாம் ஈரக் குவியலாகக் கிடந்தது. தரையில் விரித்த தார்ப்பாய் மேல் கோழி நடந்தது. ஈரம், சூடு, நேரம்: ஆய்வகம் கொடுத்த மூன்றையும் அவர் களமும் கொடுத்திருந்தது.

இப்போது குளோரின் கலந்த சுத்தமான தண்ணீரில் அலசுகிறார். உடனே வடித்து, வலை அடித்த கொட்டகையில் உயரத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்புகிறார். வயிற்றுப்போக்கு உள்ளவர்களை இலை தொட விடுவதில்லை. கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம்.

புதுச் சரக்கின் மாதிரி போயிருக்கிறது. மகன் இன்னும் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். "அஞ்சு நாள்தானுங்களே, வரட்டும்" என்கிறார்.