எலக்ட்ரானிக் கியர் சைக்கிள் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா?

2022ல் ஷிமானோ 105 டிஐ2 வந்தபிறகு எலக்ட்ரானிக் கியர் ரேஸ்காரர்களுக்கு மட்டும்தான்ங்கிற நிலை மாறிடுச்சு. ஆனா தள்ளுபடிக்கு முன்னாடி ஃப்ரேம் அளவைப் பாருங்க. ஹேண்டில்பார் தூரமா இருந்தா உடம்போட பாரம் உள்ளங்கையில இறங்கும். அல்நார் நரம்பு அழுந்தி சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். ஸ்டாக், ரீச் ரெண்டு எண்ணையும், உங்களுக்குப் பொருந்துற ஒரு சைக்கிளோட ஒப்பிட்டுட்டு ஆர்டர் போடுங்க.

இன்னொண்ணு, இதை விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. மெயின் பேட்டரி ஃப்ரேமுக்குள்ள பத்திரமா இருக்கும். கியர் லீவர்ல இருக்கறது சிஆர்1632, காசு மாதிரி சின்ன பேட்டரி. வீட்ல குழந்தை இருக்கா? முழுங்கி உணவுக்குழாய்ல சிக்கினா 2 மணி நேரத்துலயே புண்ணாக்கிடும். (காசுதானே, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.) வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. கழட்டின பழைய பேட்டரியும் அதே ஆபத்துதான், டேப் சுத்தி எட்டாத இடத்துல வைங்க.