வழிவிடும் அடி

"டேய், நீயா? சல்சாவா? உனக்கு நேராக நடக்கவே வராதே!"

தமிழ்ப் பேரவை நண்பர்கள் அன்று சிரித்த சிரிப்பில் நியாயம் இருந்தது. தீபாவளிக் கலைநிகழ்ச்சியில் மேடைக்குப் பின்னால் நாற்காலி தூக்கியவன் நான். குத்துப்பாட்டு போட்டால்கூடக் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்பவன். 2023 ஆகஸ்ட்டில், முதலாம் ஆண்டு தொடங்கிய வேகத்தில், என் விடுதி அறைத் தோழன் வந்து கெஞ்சினான். "வகுப்பில் ஆண்கள் போதவில்லை. நீ வந்தால் ஒரு ஜோடி கூடும்." பத்து வாரம், புதன்கிழமை இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. சரி என்றேன். அம்மாவிடம் 'குழுப் பணி' என்று சொல்லி வைத்தேன். இரண்டு பேர் சேர்ந்து செய்வதும் குழுப் பணிதானே!

ஏன் அந்தப் பொய் என்று நீங்கள் கேட்கலாம். நான் உயர்நிலை நான்கில் படித்தபோது அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்த அன்று பெரியப்பா என் தோளில் கை வைத்து, "இனிமே நீதான்டா தங்கச்சிக்கு அப்பா" என்றார். அவர் ஆறுதலுக்காகச் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு உணவங்காடியில் வேலை. வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். அதனால் தங்கையின் துணைப்பாட வகுப்பு, கைத்தொலைபேசி, தோழிகள், உறங்கும் நேரம் என எல்லாவற்றிலும் என் சொல்தான் சட்டம். அப்படிப்பட்ட அண்ணன் முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் வகுப்பில் யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. எல்லோரும் கண்ணாடிச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றோம். பயிற்றுநர் அடிப்படை அடியைச் செய்து காட்டினார். ஒன்றில் இடக்கால் முன்னே. இரண்டில் வலக்கால் இருந்த இடத்திலேயே அழுந்தும். மூன்றில் இடக்கால் திரும்பி நடுவுக்கு வரும். நான்கில் ஒன்றுமில்லை. ஐந்தில் வலக்கால் பின்னே. ஆறில் இடக்கால் இருந்த இடத்திலேயே அழுந்தும். ஏழில் வலக்கால் நடுவுக்கு வரும். எட்டிலும் ஒன்றுமில்லை. எதிரில் நிற்பவர் இதையே கண்ணாடிப் பிம்பம்போல் செய்வார். நான் முன்னே வைக்கும்போது அவர் பின்னே வைப்பார். அவ்வளவுதான் சல்சாவின் அரிச்சுவடி.

கேட்க எளிது. என் கால்களுக்கோ அந்த நான்கும் எட்டும் எமனாக வந்தன. தேசிய சேவையை முடித்து வந்தவன் நான். தெக்கோங் தீவில் 'லெஃப்ட், ரைட்' என்று நடந்து பழகிய கால்களுக்கு இடைவெளி என்றால் என்னவென்றே தெரியாது. எல்லோரும் நான்கில் நிற்கும்போது நான் மட்டும் அடுத்த காலைத் தூக்கிவிடுவேன். அடுத்த சுற்றில் எல்லோரும் முன்னே போக, நான் பின்னே போய்க்கொண்டிருப்பேன். பயிற்றுநர் சிரித்துக்கொண்டே, "இங்கே யாரும் உங்களைத் துரத்தவில்லை" என்றார்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் சோறு வேகும் நேரத்தில் யாருமில்லை என்று நினைத்து 'ஒன்று இரண்டு மூன்று' என்று பழகிக்கொண்டிருந்தபோது தங்கை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, கரப்பான்பூச்சியா?"

மறைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சிறு வயதில் சமூக மன்றத்தில் பாட்டு கற்றவள் அல்லவா, தொடையில் ஆதி தாளம் போட்டுக் காட்டினாள். அதிலும் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல். ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. "விரல் எண்றப்பவும் வீசுறப்பவும் சத்தம் வருதா? வராது. ஆனா அதை விட்டுட்டா தாளம் போச்சு. நிக்கிறதும் எண்ணிக்கையிலதான் இருக்குண்ணா." நான் ஒரு மாதம் திணறியதை என் பதினாறு வயதுத் தங்கை ஒரு நிமிடத்தில் புரியவைத்தாள். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்தாள்.

தாளம் பிடிபட்டதும் இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 'சல்சா' என்றால் ஸ்பானிய மொழியில் குழம்பு, சாறு என்று பொருள். பெயருக்கேற்ற கலவைதான் அது. அதன் வேர் கியூபாவின் கிழக்குப் பகுதியில் தோன்றிய 'சோன்' இசையில் இருக்கிறது. ஸ்பானியர் கொண்டுவந்த கிதார் வகைக் கருவிகளும், அடிமைகளாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் அதில் கலந்தன. 'கிளாவே' எனப்படும் இரண்டு சிறு மரக்கட்டைகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஐந்து தட்டுகள், ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு என விழும். எந்த வாத்தியம் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் அந்த ஐந்து தட்டுகளுக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

இந்த இசை நியூயார்க் நகரில் குடியேறிய புவேர்ட்டோ ரிக்கர்களிடமும் கியூபர்களிடமும் வளர்ந்தது. டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெரி மசூச்சியும் 1964இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் 1970களில் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. அதன் அரசியாகக் கொண்டாடப்பட்ட சீலியா குரூஸ் 1960இல் கியூபாவைவிட்டு வெளியேறியவர். பெற்ற தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட ஊர் திரும்ப அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மேடையில் அவர் எழுப்பிய முழக்கம் 'அசூக்கர்!', அதாவது சர்க்கரை. கியூபாவில் 1886 வரை அடிமைமுறை இருந்தது. அந்த மக்கள் கரும்பு வெட்டிய மண் அது. நம் முன்னோரும் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவின் வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள்தாமே! பிஜித் தீவில் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் பெண்களுக்காகப் பாரதியும் கண்ணீர் வடித்தார். அதைப் படித்த பிறகு அந்தக் கட்டைகளின் ஓசை எனக்கு அந்நியமாகக் கேட்கவில்லை.

நான்காம் வாரத்தில் ஜோடி சேர்த்தார்கள். எனக்கு வாய்த்தவர் வேதியியல் பயிலும் சீன மாணவி. என் வலக்கை அவருடைய தோள்பட்டை எலும்பின்மேல். அவருடைய வலக்கை என் இடக்கையில். என் உள்ளங்கை வியர்த்த வியர்வையைக் காற்சட்டையில் துடைத்துத் துடைத்து அது நனைந்தேவிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பாடல்கள் முடிந்ததும் கூச்சம் போய்விட்டது. எண்ணிக்கையைத் தவறவிடாமல் இருப்பதற்கே மூளை போதவில்லை, கூச்சப்பட ஏது நேரம்?

இந்த நடனத்தில் ஒருவர் வழிநடத்துவார், மற்றவர் பின்தொடர்வார். வழிநடத்துவது ஆண், பின்தொடர்வது பெண் என்பது பழைய வழக்கம். எங்கள் வகுப்பில் இரண்டு மாணவிகளும் வழிநடத்தக் கற்றார்கள். எனக்கோ வழிநடத்துவது கைவந்த கலை என்ற நினைப்பு. வீட்டில் ஆறு ஆண்டுகளாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்! அடுத்து இவர் சுழல வேண்டுமா, கையைத் தூக்கிச் சுழற்றினேன். பக்கம் மாற வேண்டுமா, பிடித்து இழுத்தேன். எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே எனக்குத் தோன்றியது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் ஆடினோம்.

ஏழாம் வாரம் இடைவேளையில் அவர் தண்ணீர் குடிக்கும்போதுதான் கவனித்தேன். மணிக்கட்டு சிவந்திருந்தது.

"நானா?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். பிறகு, "கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை, பழகிவிட்டது" என்றார்.

பழகிவிட்டது என்ற அந்தச் சொல் என்னைக் குத்தியது. பயிற்றுநரிடம் போய் நானே ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத்தை எடுத்தார். உணவங்காடியில் இடம்பிடிக்க மேசைமேல் வைப்போமே, அதே மெல்லிய காகிதம்தான். அதன் ஒரு முனையை நானும் மறுமுனையை என் ஜோடியும் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும், காகிதம் கிழியக் கூடாது என்றார். அன்றிரவு நான் கிழித்த காகிதங்களால் தரையே வெள்ளையாகிவிட்டது. கிழிந்த ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு மணிக்கட்டு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கிழியாமல் ஒரு சுழற்சி முடிந்தபோது இரண்டு செய்திகள் விளங்கின. ஒன்று, குறிப்பை முன்கூட்டியே தர வேண்டும். அவர் ஐந்தில் சுழல வேண்டுமானால் மூன்றிலும் நான்கிலுமே என் கை சொல்லியிருக்க வேண்டும். அந்த நிறுத்தம் வெறுமையன்று, கேட்பதற்கான நேரம் அது. இரண்டு, குறிப்பைத் தந்த பிறகு நான் காத்திருக்க வேண்டும். சுழல்வது அவருடைய வேலை.

அடுத்து வந்த பாடம்தான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. எதிரில் நிற்பவரை என் மறுபக்கத்துக்குக் கடந்துபோகச் செய்யும் அடி அது. சல்சாவில் அடிக்கடி வரும். ஒன்று, இரண்டு, மூன்றில் வழிநடத்துபவர் தம் இடத்திலிருந்து விலகிப் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழில் மற்றவர் அந்தத் திறந்த வழியில் நேராக நடந்துபோவார். நான் கையை மட்டும் சரியாகக் கொண்டுபோவேன். காலோ நின்ற இடத்திலேயே நிற்கும்.

அந்த வார இறுதியில் எங்கள் வீவக வீட்டில், நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுத் தங்கையை நிற்கவைத்துப் பழகினேன். முதல் முறை என்மேல் மோதினாள். இரண்டாம் முறை தொலைக்காட்சி மேசையில் இடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை அசையாமல் நின்றுவிட்டாள்.

"போன்னு கைய காட்டுறே. ஆனா வழியில நீயே நிக்கிறே. நான் எப்படிண்ணா போறது?"

இருவரும் சிரித்தோம். அன்று அது எனக்கு நடனத்தைப் பற்றிய பேச்சாக மட்டுமே கேட்டது.

2024 ஜனவரியில் அவளுடைய சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வந்தன. நல்ல புள்ளிகள். நான் எப்போதோ முடிவு செய்துவைத்திருந்தேன்: தொடக்கக் கல்லூரி, அறிவியல் பிரிவு, பிறகு பல்கலைக்கழகம். அவள் அதற்கு முன் இரண்டு முறை பாலர் பள்ளி ஆசிரியராக விரும்புவதாகவும், அதற்கான பட்டயக் கல்வி படிக்க வேண்டுமென்றும் சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் நான், "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டேன். அன்றிரவு மடிக்கணினியைத் திறந்து அவளை உள்நுழையச் சொன்னேன். பிறகு நான் உட்கார்ந்துகொண்டேன். விண்ணப்பத்தில் பன்னிரண்டு விருப்பங்களை வரிசைப்படுத்தலாம். முதல் ஐந்தை நானே நிரப்பினேன். ஐந்தும் தொடக்கக் கல்லூரிகள்.

"சரிதானே?" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

"சரிண்ணா."

அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. 'பரவாயில்லை, பழகிவிட்டது.' திரும்பிப் பார்த்தேன். தங்கை என் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய விண்ணப்பத்தை அவளால் என் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க முடிந்தது. ஆறு ஆண்டுகளாக இந்தப் பெண்ணின் மணிக்கட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லையே!

அழித்தேன். எழுந்தேன். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

"நீயே போடுமா. கேட்டா மட்டும் சொல்றேன்."

அவள் உடனே உட்காரவில்லை. என்னை நம்பலாமா என்று பார்த்தாள். நானும் ஒன்றும் பேசவில்லை. நான்காவது எண்ணிக்கையில் நிற்பது எவ்வளவு கடினம் என்பது அந்த நேரத்தில்தான் முழுமையாகத் தெரிந்தது. வாய்வரை வந்த அறிவுரைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு நின்றேன். அவள் உட்கார்ந்தாள். பாலர் கல்வியை முதலில் வைத்தாள். நான்காவது இடத்துக்கு வந்ததும், "அண்ணா, இந்தக் காலேஜ் வீட்டுக்குப் பக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கேட்டதற்கு மட்டும்.

அம்மாவுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. பெரியப்பா தொலைபேசியில், "நீ என்னடா பார்த்துக்கிட்டு இருந்தே?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன். அவள் தேர்ந்தெடுத்த வழி சரியானதா என்று கேட்டால் எனக்கு இன்றும் விடை தெரியாது. பயிற்சிக்காகப் பாலர் பள்ளிக்குச் சென்றுவரும் நாள்களில் களைத்துப்போய் வருகிறாள். சில நாள்களில் அழுதும் வந்திருக்கிறாள். ஆனால் முன்புபோல் 'சரிண்ணா' என்று சொல்வதில்லை. வலித்தால் வலிக்கிறது என்கிறாள். பிள்ளைகள் செய்த குறும்பைச் சொல்லும்போது அவள் கண்களில் ஓர் ஒளி வருகிறது. அவ்வளவு தெரிகிறது எனக்கு.

அம்மாவிடம் சல்சா விவரத்தையும் பின்னர் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்குக் கை சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

என் ஆட்டம் இன்னும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. இடுப்பு வளையவில்லை, சுழற்சியில் தடுமாறுகிறேன். பேரவை நண்பர்கள் சிரிப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் அடுத்தவரைக் கடந்துபோகச் செய்யும் அந்த அடி மட்டும் இப்போது எனக்குத் தவறுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று முதலில் நான் விலகுகிறேன். நான்கில் நிற்கிறேன்.

தம்பி தங்கைகளே, நம்மில் பலர் வீட்டுக்கு மூத்தவர்கள். 'இனிமே நீதான்' என்ற சொல்லைத் தோளில் சுமந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர்கள். புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால் வந்து பாருங்கள். ஆண்கள் இன்னமும் போதவில்லை.