அம்மாவின் கையளவு

திங்கள்

போன வருடம் வேறொரு ஆஸ்பத்திரியில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். சோறு இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம் என்று வரிசையாக இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கு அந்தத் தாள் ஒரு மிரட்டலாகத்தான் இருந்தது. இன்று பார்த்த உணவு ஆலோசகர் தாளே எடுக்கவில்லை. "கையை மூடுங்கம்மா" என்றார். மூடின கையளவு சோறு. உள்ளங்கை அகலத்தில், சுண்டுவிரல் கனத்தில் மீன். இரண்டு கையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளுகிற காய். கட்டைவிரல் நுனியளவு எண்ணெய். ஒரு தடவை கேட்டதும் அம்மா திருப்பிச் சொல்லிவிட்டாள்.

ஜிம்பாப்வேயில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு கனடா வரை போன முறை இது. தராசு இல்லாத வீட்டுக்கும், படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்தும். உலைக்கு அரிசியைச் சிறங்கையால் அள்ளி, தண்ணீரை விரலால் பார்த்து வைத்தவளுக்கு இதில் புதிதாகப் பழக என்ன இருக்கிறது?

செவ்வாய்

வலது கை சாப்பிடுகிற கை. அதனால் அம்மா இடது கையை மூடித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கையளவுச் சோறு ஏறக்குறைய ஒரு கப் வருகிறது. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து.

சிக்கல் அளவில் இல்லை, நாம் சாப்பிடுகிற விதத்தில் இருக்கிறது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு மூன்று முறை தட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் பார்த்தால் கொஞ்சமாகத்தான் தெரியும். கையளவு என்பது மூன்றுக்கும் சேர்த்து. இதைச் சொன்னதும் அம்மா முகம் வாடியது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: பெரும்பங்கு குழம்புக்கு, ரசத்தை டம்ளரில் குடித்துவிடுவது, கடைசியில் மோருக்கு இரண்டு கவளம். "மோரு இல்லாம எந்திரிச்சா சாப்பிட்ட மாதிரியே இருக்காது பாத்துக்க." அந்த இரண்டு கவளத்தை அவளிடமிருந்து யாரும் பறிக்க வேண்டியதில்லை.

தோசையைக் கையை மூடி அளக்க முடியாது. எண்ணிக்கைதான் சரிப்படும். எங்கள் வீட்டுத் தட்டில் வேகிற சின்ன இட்லி இரண்டு, அவள் கையளவுக்குச் சரியாக இருக்கிறது.

வியாழன்

கையளவு என்றாலே எல்லாரும் சோற்றைக் குறைப்பதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஏந்திய இரண்டு கை. இன்று அவரைக்காய்ப் பொரியலை அம்மாவின் இரண்டு கையையும் ஏந்தச் சொல்லி வைத்துப் பார்த்தேன். நாலு பேருக்கென்று செய்தது அவள் ஒருத்தி கையிலேயே முக்கால்வாசி அடங்கிவிட்டது! தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வைப்பதைத்தான் இத்தனை காலமும் காய் என்று சொல்லிவந்திருக்கிறோம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய் கீரை மட்டும் 400 கிராம். நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதை வாங்கக் காசு வேண்டும். கழுவி, நார் எடுத்து, நறுக்க ஒருவர் விடிகாலையில் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் அந்த ஒருவர். சோற்றைக் குறைக்கச் சொல்கிறவர்கள் இந்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய் கூடாமல் சோறு மட்டும் குறைந்தால் நாலு மணிக்கு அம்மாவுக்குப் பசிக்கும். முறுக்கு டப்பா திறக்கும். நேற்று அதுதான் நடந்தது. இன்று தம்பி அரிவாள்மனையில் உட்கார்ந்தான். பூசணியும் புடலையும் சேர்ந்தன. சாயங்காலம் டீயோடு நிறுத்திக்கொண்டாள்.

சனி

சீலா மீன் துண்டு உள்ளங்கைக்கு அப்படியே பொருந்தியது. சாளையைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தோம். எண்ணெய்க்குத்தான் கட்டைவிரல் உதவவில்லை. குழம்பில் கலந்துபோனதை எந்த விரலால் அளப்பது? பாட்டிலைத்தான் பார்க்க வேண்டும். அதே வழிகாட்டுதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் என்கிறது. நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய்யும் சேர்த்து. எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் மாதத்துக்குள் காலியாகிறது. அடுத்த மாதத்திலிருந்து வாங்குவதையே குறைக்கப்போகிறேன்.

ஞாயிறு

தம்பி கை அம்மா கையைவிட நல்ல பெரிது. அவன் மகன் கை எலுமிச்சம்பழம் மாதிரி. அவரவர் உடம்புக்கு ஏற்ற அளவு அவரவர் கையில் ஓரளவுக்கு இருக்கிறது. ஒரே கப்பை எல்லாருக்கும் வைத்தால் இது வராது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேள்விப்பட்டு, "நானும் நாளையிலேருந்து ஒரு கையளவுதான்" என்றார்கள். நான் பிடிவாதமாகத் தடுத்தேன். அவர்கள் இன்சுலின் போடுகிறவர்கள். இப்போது சாப்பிடுகிற சோற்றுக்குத் தகுந்தபடி ஊசி அளவு வைத்திருக்கிறார்கள். சோறு மட்டும் சட்டென்று குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை போகும். சில மாத்திரைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. முதலில் டாக்டர், பிறகுதான் கையளவு என்று சொன்னேன். புதன்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்பதை அவர்கள் கையளவிலேயே கேட்டு ஒரு நோட்டில் எழுதித் தரவும் ஒத்துக்கொண்டேன்.